நீளமூக்குக்கு எத்தனை ஏவுகணை

என் வீட்டுக்காரர் இதுவரை ஒரு விமானத்தின் படியில்கூடக் கால் வைத்ததில்லை. ஆனால் எந்தப் போர் விமானத்தைக் கேட்டாலும் அதன் எடை, எரிபொருள் எவ்வளவு பிடிக்கும், எத்தனை தூரம் பறக்கும், இறக்கைக்குக் கீழே எதையெல்லாம் தொங்கவிடலாம் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். என் பிறந்தநாள் என்றைக்கு என்று கேட்டுப் பாருங்கள். "பார்த்துச் சொல்றேன்" என்பார். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாகிறது.

பகலில் அவருக்கு லிஃப்ட் ஆய்வாளர் வேலை. மாடிக் கட்டடங்களுக்குப் போய், 'எட்டுப் பேர், ஐந்நூற்று நாற்பது கிலோ' என்று லிஃப்டுக்குள் தகடு அடித்திருக்கிறார்களே, அது சரிதானா என்று சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவரோடு துணிக்கடைக்குப் போவதே எனக்குக் கண்டம். லிஃப்டில் ஏறுகிறவர்களையெல்லாம் ஏற இறங்கப் பார்ப்பார். ஒருமுறை முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம் "நீங்க எத்தனை கிலோ இருப்பீங்க?" என்று கேட்டே விட்டார். அந்த அம்மா கையை ஓங்காமல் போனது என் முகத்தைப் பார்த்துத்தான்.

இதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. அவருடைய உயிர் இருப்பது விடிகாலை ஐந்திலிருந்து ஏழு வரை செய்கிற இன்னொரு வேலையில். கம்ப்யூட்டரில் ஆடுகிற ஒரு போர் விளையாட்டு இருக்கிறது. விளையாட்டு என்று நான் சொன்னது அவர் காதில் விழக் கூடாது, 'போர் ஒத்திகை' என்று சொல்ல வேண்டும். சுட்டுத் தள்ளுகிற சமாசாரமெல்லாம் அதில் கிடையாது. ஒரு பெரிய வரைபடம், அதில் புள்ளி புள்ளியாக விமானங்களும் கப்பல்களும். நம் விமானம் எதிரி கப்பலை எட்டுமா, எட்டினால் அடிக்க முடியுமா, அடித்துவிட்டுத் திரும்பி வர எரிபொருள் மிஞ்சுமா என்று நிஜ எண்களை வைத்துக் கணக்குப் போட்டு ஆடுவார்கள். அந்த எண்களைச் சரியாக வைத்திருக்க உலகம் முழுக்கப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். அதில் விமானம், ஆயுதம் பகுதிக்குத் தலைவர் என் வீட்டுக்காரர். சம்பளம் என்னவென்று கேட்காதீர்கள். ஒரு வருஷம் தொப்பி ஒன்று அனுப்பினார்கள், அதுவும் அவர் தலைக்குச் சிறியது.

அந்தப் பட்டியலில் ஒரு எண்ணை மாற்ற வேண்டுமென்றால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு ஆதாரம் வேண்டும், இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதியவரே இவர்தான். ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒரு பல் டாக்டர், ஒரு விமானத்தின் எரிபொருளில் முப்பது லிட்டர் குறைத்துக் காட்டியிருக்கிறீர்கள் என்று பதினோரு பக்கம் எழுதினார். இவர் பதினாலு பக்கம் பதில் எழுதினார். மூன்று மாதம் வாதாடி அந்த முப்பது லிட்டரை ஏற்றினார்கள். அன்றைக்கு வீட்டில் கேக் வெட்டாததுதான் குறை.

வெளியில் செய்வதை வீட்டில் செய்யாமல் இருப்பாரா?

"சர்க்கரை தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வாங்க" என்பேன்.

"யார் சொன்னது?"

"டப்பா சொன்னது."

"அது ஒரு ஆதாரம்தானே?"

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் படித்துப் பொறுமை வந்துவிட்டது. இல்லாவிட்டால் அந்த டப்பா அன்றைக்கே பறந்திருக்கும்.

எங்களுக்கு ஒரே பெண். பிசியோதெரபி படித்துவிட்டு ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அங்கேயே கூட வேலை பார்க்கிற பையனைப் பிடித்துப்போய்விட்டது. நல்ல பையன், எங்களுக்கும் பிடித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. முதல் நாளே என் பெண் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள்.

"அவங்க அப்பா கோபக்காரர். பேச்சு முறிஞ்சா முறிஞ்சதுதான். சொந்தத் தம்பிகூடப் பேசி ஒம்பது வருஷமாச்சு, அதுவும் ஒரு ஏணிக்காக. அவர் சரின்னு சொல்லாம இவன் தாலி கட்ட மாட்டான். அதனால அப்பா, தயவுசெஞ்சு, அவர் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுங்க."

"தலைதானே, ஆட்டுறேன்" என்றார் இவர்.

பையனின் அப்பா ஓய்வுபெற்ற மெக்கானிக் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். கார் மெக்கானிக் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது இங்கேதான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலைச் சுற்றிப் பார்த்த மனிதர், சுவரில் இவர் ஒட்டிவைத்திருந்த விமானப் படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"இது எங்க நீளமூக்கு இல்ல?"

விமானப் படையில் இருபத்திரண்டு வருஷம் தரையில் வேலை பார்த்தவராம். ஓட்டுகிற வேலை இல்லை, விமானங்களில் ஆயுதம் மாட்டுகிற வேலை. அந்த ரெட்டை எஞ்சின் பழைய விமானத்துக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர்தான் நீளமூக்கு. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அதில் பாதி வெளிச்சம் இல்லை. இருவரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு எஞ்சின், சக்கரம், பிரேக் என்று போய்விட்டார்கள். பையனின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் மனசுக்குள் மண்டபமே பார்த்துவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? "எங்க பட்டியல்ல உங்க நீளமூக்கு எப்படி இருக்குன்னு காட்டுறேன், வாங்க" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"எடை சரி. எரிபொருள் சரி. அடேயப்பா, டயர்ல அடிக்கிற காத்துகூடச் சரியா இருக்கே. ஏவுகணை... நாலா? இது தப்பு. ரெண்டுதான்."

என் பெண் அப்பாவைப் பார்த்தாள். நான் பார்த்தேன். பையன்கூடப் பார்த்தான். ஆட்டுவதாகச் சொன்ன தலை ஆடவில்லை.

"நாலுங்க" என்றார் இவர். "ரெண்டு ஆதாரம் இருக்கு."

"நான் மாட்டினவன்."

"அது சரிங்க. இல்லைன்னு சொல்லலை. எழுத்துல ஏதாவது இருக்கா?"

"இருபத்திரெண்டு வருஷம் இந்தக் கையால மாட்டியிருக்கேன்."

"கை ஆதாரத்துல சேராதுங்க."

இப்படி ஒரு வாக்கியத்தைச் சம்பந்தம் பேச வந்த மனிதரிடம் சொல்ல இந்த உலகத்தில் ஒருவரால்தான் முடியும், அவரை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பையனின் அப்பா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. டீயை அப்படியே வைத்தார். "என் வார்த்தைக்கு மதிப்பில்லாத வீட்டுல எனக்கு என்ன பேச்சு" என்று எழுந்தார். மனைவியையும் மகனையும் கண்ணாலேயே கிளப்பினார். செருப்பை மாட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. இவர் வாசல்வரை போய், "வேற ஏதாவது தாள் கிடைச்சா அனுப்பி வைங்க" என்று வழியனுப்பினார். ஐயோ, நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அழுது முடித்து என் பெண் கேட்டாள். "ஒரு நாலை ரெண்டாக்கினா என்னப்பா ஆயிடும்? நிஜப் போரா அது? விளையாட்டுதானே?"

"லிஃப்ட்ல எட்டுப் பேர்னு இருக்கு. உனக்காக ஒம்பதுன்னு எழுதட்டுமா?"

"அது வேற, இது வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆதாரம் இல்லாம ஒரு எண்ணை மாத்திட்டா, மீதி இருக்கிற எந்த எண்ணையும் யாரும் நம்ப வேண்டியதில்லை."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனுஷனை என்ன செய்வது? கீபோர்டைத் தூக்கி எறியலாமா என்றுகூட யோசித்தேன். ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மருந்துக்கடைக்காரியான எனக்குத் தெரியும், அரை மாத்திரை என்றால் அரைதான், முகத்துக்காக முழுசாகக் கொடுத்துவிட முடியாது. அந்த வாரம் முழுக்கப் பையன் ஆஸ்பத்திரியில் என் பெண்ணிடம் "அப்பா இறங்கி வரலை" என்பதையே தினமும் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் சாப்பாட்டைத் தட்டில் அளைந்துவிட்டு எழுந்து போவாள்.

கடைசியில் எனக்குத்தான் ஒன்று தோன்றியது. "மருந்துச் சீட்டுல சந்தேகம் வந்தா நாங்க எழுதின டாக்டருக்கே போன் பண்ணிக் கேப்போம். உங்க ரெண்டு ஆதாரத்தையும் எழுதினவங்க எதைப் பார்த்து எழுதினாங்கன்னு கேட்டீங்களா?"

கேட்டதில்லை என்று முகமே சொல்லியது. அன்றைக்கே இரண்டு பேருக்கும் எழுதிவிட்டார். ஒருவர் விமான ஆண்டுப் புத்தகம் போடுகிறவர், இன்னொருவர் விமானப் பிரியர்களுக்காகப் பத்திரிகை நடத்துகிறவர். நாலு நாளில் பதில் வந்தது. ஆண்டுப் புத்தகக்காரர், 'அந்தப் பத்திரிகையில் பார்த்து எடுத்தேன்' என்று எழுதியிருந்தார். பத்திரிகைக்காரர் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? 'உங்கள் போர் ஒத்திகைப் பட்டியலில் இருந்துதான் ஐயா எடுத்தோம். உங்களைவிடத் துல்லியமாக யார் இருக்கிறார்கள்?'

இவர் பேய் அறைந்தவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். பிறகு பதினோரு வருஷத்துக்கு முன்னால் நீளமூக்கைப் பட்டியலில் ஏற்றியபோது எழுதிய முதல் குறிப்பைத் தேடி எடுத்தார். அதில் இவரே எழுதியிருக்கிறார்: 'படத்தில் இறக்கைக்குக் கீழே நாலு கொக்கி தெரிகிறது. எனவே நாலு. ஊகம். பிறகு பார்க்க வேண்டும்.' பிற்பாடு பத்திரிகையிலும் புத்தகத்திலும் நாலு என்று வந்ததும், ஆகா, இரண்டு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்துபோய் 'ஊகம்' என்ற சொல்லை அழித்திருக்கிறார். தன் வாயிலிருந்து போன பேச்சு ஊரைச் சுற்றிவிட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. இவர் அதை நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறார்.

நான் சிரித்துவிட்டேன். என் பெண்ணும் அழுகையை மறந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்றேன். ஒரு வார்த்தை கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"காதும் காதும் வெச்ச மாதிரி மாத்திடுங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன், மனசு கேட்காமல்.

"எனக்குத் தெரியுமே" என்றார். அடுத்த நாள் விடிகாலை அந்த நாலை எடுத்துவிட்டு ஒரு கேள்விக்குறியைப் போட்டார். கீழே, 'முன்பு இருந்த எண் என்னுடைய ஊகம். ஆதாரம் என்று காட்டியவை என்னிடமிருந்தே போனவை. தவறு என்னுடையது' என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதினார். கிழி கிழியென்று கிழித்துவிட்டார்கள். நாலு ஏவுகணையை நம்பிப் போட்டியில் ஜெயித்த ஒருவர், 'என் கோப்பையை என்ன செய்யட்டும்?' என்று கேட்டிருந்தார். அந்தப் பல் டாக்டர் மட்டும் ஒரே வரியில் 'பெரிய மனசு' என்று எழுதியிருந்தார். இவர் எல்லாவற்றையும் வாசித்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

"கிளம்பு. அவங்க வீட்டுக்குப் போகணும்."

"ரெண்டுன்னு மாத்திட்டீங்களா?"

"எப்படி மாத்துறது? என் ஆதாரம் போச்சு. அதுக்காக அவருக்கு ஆதாரம் வந்துடலையே."

தலைகீழாக நின்றாலும் இந்த ஜென்மம் திருந்தாது என்று நினைத்துக்கொண்டே நானும் என் பெண்ணும் கூடப் போனோம்.

அவர்கள் வீடு மூன்றாம் மாடியில். பையனின் அப்பா கதவைப் பாதி திறந்து, அந்தப் பாதியிலும் தானே நின்றுகொண்டார். என் வீட்டுக்காரர் மூச்சு வாங்க, படிக்கட்டில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். படத்தைப் பார்த்துக் கொக்கியை எண்ணியது, 'ஊகம்' என்ற சொல்லை அழித்தது, பத்திரிகை, புத்தகம், எதையும் விடவில்லை.

"உங்ககிட்ட ஆதாரம் கேட்ட எனக்கே ஆதாரம் இல்லைங்க. மன்னிச்சிடுங்க. நீங்க சொன்னது சரியா இருக்கலாம்."

அந்த 'லாம்' காதில் விழுந்ததும் இவர் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினேன். பையனின் அப்பா கோபப்படவில்லை. கதவை முழுசாகத் திறந்தார். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார்.

"கொக்கி நாலுதான்" என்றார். "நீங்க எண்ணினது தப்பில்லை. ஆனா உள்பக்கத்து ரெண்டுல மாட்டினா, சக்கரம் இறங்குறப்ப அதோட கதவு ஏவுகணையோட வால்ல இடிக்கும். ஓட்டுறவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மேலதிகாரிக்கும் தெரியும். தாளுக்கு மட்டும் தெரியாது. தாள்ல நாலுன்னு அச்சடிச்சே வரும். தப்புன்னு மூணு தடவை எழுதிப் போட்டேன், பதிலே இல்லை. தினமும் ரெண்டு மாட்டிட்டு நாலுன்னு கையெழுத்துப் போடணும். இருபத்திரெண்டு வருஷம் போட்டேன்."

என் வீட்டுக்காரரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீங்க எழுத்துல இருக்கான்னு கேட்டீங்க பாருங்க" என்றார். "இருக்கு. கட்டுக் கட்டா இருக்கு. எல்லாத்துலயும் நாலு, எல்லாத்துலயும் என் கையெழுத்து. அதனாலதான் எழுந்து போனேன்."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்தத் தாள்ல ஒண்ணு என் கையில கிடைச்சிருந்தா, சாகுற வரைக்கும் நாலுன்னே சண்டை போட்டிருப்பேன்" என்றார்.

"போட்டிருப்பீங்க" என்றார் அவர். முதல்தடவையாகச் சிரித்தார்.

இவர் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். "நீங்க சொல்றதை எழுதிக் குடுங்க. அது ஒரு ஆதாரம். இன்னொண்ணு வேணும்."

"என்னங்க, விடுங்களேன்" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

பையனின் அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நான் எழுதித் தர்றேன்" என்றார். "புதுசா வந்த ஒரு அதிகாரி நாலையும் மாட்டுன்னு பிடிவாதம் பிடிச்சாரு. மூணாவதை மாட்டிட்டுச் சக்கரக் கதவைச் சோதிச்சப்ப, இவர் விரல் நடுவுல மாட்டிக்கிச்சு. ஆறு வாரம் கட்டுப் போட்டு, சாப்பாடு ஊட்டிவிட்டது நான்தான்."

என் வீட்டுக்காரர் தயங்கினார். "கோவிச்சுக்காதீங்கம்மா. ரெண்டு ஆதாரமும் ஒண்ணுக்கொண்ணு தொடர்பில்லாம இருக்கணும். நீங்க புருஷன் பொண்டாட்டி..."

"முப்பத்தஞ்சு வருஷத்துல இந்த மனுஷன் சொன்ன ஒண்ணையாவது நான் ஒத்துக்கிட்டிருக்கேனான்னு அவரையே கேளுங்க. என்னைவிடத் தனி ஆதாரம் உங்களுக்கு எங்க கிடைக்கும்?"

இவர் பையனின் அப்பாவைப் பார்த்தார். அவர், இல்லவே இல்லை என்று தலையசைத்தார். இவர் கொஞ்சம் யோசித்து, "சரி, ஏத்துக்கலாம்" என்றார்.

அந்த அம்மா நின்ற வாக்கிலேயே நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பையனின் அப்பா அப்படி எழுதவில்லை. மேசையைத் துடைத்தார். வெள்ளைத் தாளை நேராக வைத்தார். 'நீளமூக்கு. கொக்கி நான்கு. மாட்டக்கூடியது இரண்டு. மாட்டியவன் நான்' என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"தேதி எது போடட்டும்? வேலைக்குச் சேர்ந்த தேதியைப் போடலாமா?"

போகட்டும், போடச் சொல்லுங்கள் என்று கத்தலாம் போல இருந்தது.

"இன்னைக்குத் தேதிதாங்க போடணும்" என்றார் என் வீட்டுக்காரர், மெதுவாக.

அவர் தலையாட்டினார். அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டார். மை காய்கிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையாலும் எடுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

"பத்திரமா வெச்சுக்குங்க, சம்பந்தி" என்றார்.

என் பெண் எழுந்து சமையலறைக்கு ஓடிவிட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து எல்லோர் முன்னாலும் அழுதேன், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.